மாப்பிள்ளைக்கு ஒரு பதிவு எண்

மாப்பிள்ளையை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வியாழக்கிழமை காலை. என்னைக் கண்டதும் வழக்கம்போல முன்னால் வந்து வாயைத் திறந்தார். நான் வெறுங்கையோடு வந்திருப்பது தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதை நான் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு விரல் நீளம்கூட இல்லாத வரிக்குதிரை மீனிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நம் பேராசை.

மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது என் மனைவி. அவள் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் மீன் அறையின் பொறுப்பில் இருந்த விஞ்ஞானி. நான் அதே கட்டிடத்தில் மேல்மாடியில், பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவும் வேலையில் இருந்தேன். சிக்காத நேரத்தில் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். பிரிண்டர் அடிக்கடி சிக்கும் என்பதால் மெதுவாகத்தான் கற்றேன்.

மாப்பிள்ளைக்கு வேலை கொஞ்சம், உபசாரம் அதிகம். சாயங்காலம் ஒரு சின்னப் பெட்டியில் அவரை ஒரு பக்கமும், ஜோடியை மறுபக்கமும் விட்டு, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பைச் செருகுவார்கள். காலையில் விளக்கைப் போட்டுத் தடுப்பைத் தூக்கினால் கொஞ்ச நேரத்தில் முட்டை. பிறகு வாரம் முழுக்கச் சாப்பாடு, ஓய்வு. "இப்படி ஒரு மாப்பிள்ளையை எந்த வீட்டுல தாங்குவாங்க?" என்று என் மனைவி கேட்பாள். கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் அந்த நேரத்தில் வேறு தொட்டியைப் பார்ப்பேன்.

அவர் உடம்பில் ஓடிய நீல வரிகளில் ஒன்று வால் பக்கம் போகையில் விட்டுப்போய், சற்றுத் தள்ளி மறுபடி தொடங்கும். நூற்றுக்கணக்கான மீன்களுக்கு நடுவே அவரை அடையாளம் கண்டது அதை வைத்துத்தான்.

அந்த அறையில் நடந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த மரபணு கெட்டால் உடம்பில் எது கெடும் என்று தெரிய வேண்டும். மனிதர்களின் மரபணுவைக் கெடுத்துப் பார்க்க அனுமதி இல்லாததால் மீனிடம் பார்க்கிறார்கள். இந்த மீனின் முட்டை பளிங்கு மாதிரி இருக்கும். இரண்டாம் நாளே உள்ளே இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். மாப்பிள்ளையின் குஞ்சுகளில் நான்கில் ஒன்றுக்கு இதயம் துடிக்கும், நிற்கும், எதையோ யோசிக்கும், மறுபடி துடிக்கும். ஐந்தாம் நாள் யோசிக்கப் போனது திரும்பி வராது.

மாப்பிள்ளைக்கோ ஜோடிக்கோ ஒரு கேடும் இல்லை. கெட்ட மரபணு இருவரிடமும் ஆளுக்கு ஒரு பிரதி இருந்தது. கூடவே இருந்த நல்ல பிரதி அவர்களைக் காப்பாற்றியது. ஒரு குஞ்சுக்கு அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் கெட்டதே வந்து சேர்ந்தால்தான் ஆபத்து. இந்த ஒரு விஷயம் புரிந்தால் இந்தக் கதை முழுவதும் புரியும். எங்கள் நிலையத்தில் அது புரியாமலேயே கதை முழுவதும் நடந்தது.

தூரத்து ஊர் ஒன்றில் ஒரு குழந்தை டாக்டர் இருந்தார். அவரிடம் வந்த ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இதயம் நின்று இறந்திருந்தன. மூன்றாவது பிறந்திருந்தது, அதன் இதயமும் அவ்வப்போது யோசித்தது. இதேபோல் துடிக்கும் மீன் யாரிடமாவது இருக்கிறதா, இருந்தால் அந்தக் குஞ்சுகளுக்கு ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்து எது காப்பாற்றுகிறது என்று சீக்கிரம் பார்த்துவிடலாம் என்று எல்லா நிலையங்களுக்கும் எழுதியிருந்தார். எங்கள் இயக்குநருக்கும் எழுதியிருந்தார்.

இயக்குநர் அப்போதுதான் ஒரு பெரிய மாநாட்டிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே எல்லோரும் பகிர்வைப் பற்றிப் பேசினார்களாம். போன வருஷ மாநாட்டில் எல்லோரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசியிருந்தார்கள்; அதனால் எங்கள் அறைகளுக்கெல்லாம் இரட்டைப் பூட்டு வந்திருந்தது. இந்த வருஷம் இணையத்தில் ஒரு தகவல் தளம் வேண்டும், எங்கள் மீன்களின் விவரம் முழுவதும் உலகத்துக்குத் திறந்து வைக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். டாக்டரின் கடிதத்தை, தளம் எவ்வளவு அவசியம் என்பதற்குச் சான்றாகக் கோப்பில் சேர்த்தார்.

என் மனைவி இயக்குநரைப் போய்ப் பார்த்தாள். அந்த மீன் என்னிடம் இருக்கிறது, நாளைக்கே முட்டை அனுப்பிவிடுகிறேன் என்றாள்.

"தளம் வர்றதுக்கு முன்னாடி நீங்களே அனுப்பிட்டா, அப்புறம் தளம் எதுக்கும்மா?"

"குழந்தை இருக்கு சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அந்தக் குழந்தைக்காகத்தானே தளமே. பகிர்றதுக்குன்னு ஒரு இடம் வரும்போது தனியாப் பகிர்றது பகிர்வுக்கே விரோதம்."

அவள் கேட்டுக்கொண்டு வந்து, டாக்டருக்கு நேராக எழுதிவிட்டாள். அவர் உடனே பதில் போட்டார். அவருடைய நன்றி இரண்டு வரி, வருத்தம் நான்கு வரி. அவர் மருத்துவமனையிலும் இப்போது புது ஏற்பாடாம்: அங்கீகரிக்கப்பட்ட தளத்தில் பதிவு எண் இல்லாத மீனை உள்ளே விடமாட்டார்களாம். எண் கிடைத்ததும் தெரிவியுங்கள், வாசலிலேயே நிற்கிறேன் என்று முடித்திருந்தார்.

ஆகவே மாப்பிள்ளைக்கு ஒரு எண் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

தளத்தைக் கட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிரிண்டர் பக்கத்தில் கணினியும் இருந்ததால் அப்படி முடிவாயிற்று. நான் எளிமையாக ஒன்றைச் செய்தேன். எந்த மீன், பெற்றோர் யார், குஞ்சில் என்ன கோளாறு, எந்த நாளில் தெரிந்தது, ஒரு படம், யாரைக் கேட்டால் முட்டை கிடைக்கும். மனைவி வீட்டில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் விவரத்தை ஏற்றிப் பார்த்தாள். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம் என்பதால் மறுநாளே இயக்குநரிடம் காட்டினேன். அவர் மகிழ்ந்துபோய் ஒரு குழு அமைத்தார்.

வரிமீன் மரபணுத் தகவல் திறந்தவெளிப் பகிர்வு உயர்நிலை வழிகாட்டுக் குழு என்று அதற்குப் பெயர். குழுவுக்கு ஒரு வடிவமைப்பாளரை வரவழைத்தார்கள். அவர் கணுக்கால் தெரியும் கால்சட்டையும் வட்டக் கண்ணாடியும் அணிந்தவர். முதல் நாள் எங்கள் எல்லோர் கையிலும் வண்ண வண்ணச் சதுரத் தாள்களைக் கொடுத்து, மனதில் பட்டதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். என் மனைவி 'இதயம் நிற்கிறது' என்று எழுதி ஒட்டினாள். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, மஞ்சள் தாளில் இவ்வளவு சோகம் வேண்டாமே என்று மெதுவாக எடுத்துவிட்டார்.

கோளாறு, குறை, சாவு போன்ற சொற்களைப் பார்க்கும் பயனாளர் மனம் உடைந்து தளத்தை விட்டு ஓடிவிடுவார் என்பது அவருடைய ஆராய்ச்சி. ஆகவே 'கோளாறு' என்ற இடத்தில் 'தனித்திறமை' என்று மாற்றப்பட்டது. இதயம் நிற்பது எப்படித் தனித்திறமை ஆகும் என்று என் மனைவி கேட்டாள். எல்லாராலும் முடியாதே என்றார் அவர்.

அடுத்ததாகச் சரிபார்ப்பு. பொய் விவரம் ஏறிவிட்டால் நிலையத்தின் மானம் போய்விடும் என்பதால், ஒவ்வொரு மீனையும் நேரில் கண்டு கையெழுத்துப் போட ஒரு சரிபார்ப்பு அதிகாரி நியமிக்கப்பட்டார். அதற்கு முன் தராசுகளுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தவர். நேர்மையானவர், ஒருவரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் லஞ்சம் வாங்குகிறவராக இருந்திருந்தால் மாப்பிள்ளைக்கு அன்றே எண் கிடைத்திருக்கும்.

முதல் விண்ணப்பத்தில் அவர் பெற்றோர் பகுதியிலேயே நின்றுவிட்டார். ஜோடியின் உறவுமுறை என்ற இடத்தில் என் மனைவி உண்மையை எழுதியிருந்தாள்: உடன்பிறந்தவர்கள். ஒளிந்திருக்கும் மரபணு வெளியே வர இப்படித்தான் சேர்ப்பார்கள். அதிகாரிக்குக் காது சிவந்துவிட்டது.

"மாப்பிள்ளைன்னு சொல்றீங்க. பொண்ணு அவருக்குத் தங்கச்சின்னு எழுதியிருக்கீங்க."

"மீன் சார்."

"மீன்தான் மேடம். பார்க்கிறது மனுஷங்களாச்சே. குடும்பத்தோட உட்கார்ந்து பார்ப்பாங்க."

குழு கூடி மூன்று மணி நேரம் விவாதித்தது. கடைசியில் 'தூரத்து உறவு' என்று போடலாம் என ஏகமனதாக முடிவாயிற்று. விஞ்ஞானத்தில் அந்த ஒரு வார்த்தையால் எல்லாமே மாறிவிடும் என்று என் மனைவி தனியாகச் சொல்லிப் பார்த்தாள். ஏகமனதை ஏன் கெடுக்கிறீர்கள் என்றார் இயக்குநர்.

பிறகு குஞ்சுகளைக் காட்ட வேண்டிய கட்டம் வந்தது. காட்டப்போகும் குஞ்சின் முட்டை வந்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பித்து ஏழு வேலை நாள் கழித்துத்தான் சரிபார்ப்பு என்பது விதி. அவசரப்பட்டுப் பார்த்தால் தவறு நேரும் என்பதற்காக வைத்த விதி. ஏழாம் நாள் அதிகாரி கைக்கண்ணாடியோடு வந்தார். கிண்ணத்தில் நலமாக இருந்த குஞ்சுகள் மட்டும் நீந்திக்கொண்டிருந்தன.

"அந்தத் தனித்திறமை உள்ளவங்க எங்க?"

"அஞ்சாம் நாளே போயிடுச்சு சார்."

"எங்க போச்சு?"

"செத்துப்போச்சு."

"செத்தவங்களைப் பதிவு பண்ண விதியில இடம் இல்லியே மேடம்."

வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், அதில் இதயம் நின்று நின்று துடிப்பது தெளிவாகத் தெரியும் என்றாள். அவர் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். வருத்தப்பட்டதுபோலவும் தெரிந்தது. ஆனால் வீடியோவைக் கண்டேன் என்றுதான் தன்னால் எழுத முடியும், மீனைக் கண்டேன் என்று எழுத முடியாது என்றார். பிறகு, உதவி செய்யும் எண்ணத்தோடுதான், ஒரு வழி சொன்னார்.

"ஏழு நாள் உயிரோட இருக்கிற மாதிரி ஒரு குஞ்சைத் தயார் பண்ணுங்களேன்."

"ஏழு நாள் இருந்தா அதுக்கு அந்தக் கோளாறே இல்லைன்னு அர்த்தம் சார்."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. அதையே காட்டுங்க."

அன்று வீட்டுக்கு வந்த என் மனைவி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டரிடமிருந்து அன்றும் ஒரு கடிதம் வந்திருந்தது. குழந்தை இப்போது குப்புற விழுகிறது, இதயம் முன்பைவிட நீண்ட நேரம் நிற்கிறது என்று எழுதியிருந்தார். எண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளை வாட்டியது.

"என்னங்க, குஞ்சை விட்டுடலாம். மாப்பிள்ளையையே காட்டிடறேன். அவர் ஒரு வாரம் உயிரோட இருப்பாரில்ல?"

அப்படியே செய்தோம். அதிகாரி தொட்டிக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை முன்னால் வந்து வாயைத் திறந்தார்.

"இவருக்கு என்ன?"

"இவருக்கு ஒண்ணும் இல்ல. இவர் குஞ்சுக்குத்தான்..."

"குஞ்சு எங்க?"

"அதான் செத்துப்போச்சே."

"இருக்கிறவருக்கு ஒண்ணும் இல்ல. இல்லாதவருக்குத்தான் ஏதோ இருந்துது." தனக்கே ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்; சரியாக இருந்தது. 'தனித்திறமை: எதுவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதிவு எண் வந்துவிட்டது.

எண் கிடைத்ததே போதும் என்று என் மனைவி அன்றே டாக்டருக்கு அனுப்பினாள். மருத்துவமனை அலுவலகம் எண்ணைத் தளத்தில் தட்டிப் பார்த்தது. எண் சரியானதே என்றும், ஆனால் மேற்படி மீனுக்கு எதுவுமில்லை என்பதால் மேற்படி ஆய்வுக்கு அது தேவைப்படவில்லை என்றும் பதில் வந்தது. அவள் திருத்த விண்ணப்பம் போட்டாள். திருத்தத்துக்கு மீன் மறுபடி நேரில் ஆஜராக வேண்டும். ஏழு வேலை நாள்.

இதற்குள் மற்ற விஞ்ஞானிகளும் தங்கள் மீன்களைப் பதிந்துவிட்டார்கள். எல்லாருக்கும் இதே கதைதான். குஞ்சிலேயே கண் அவிந்து இறந்தவை, எலும்பு கூடாமல் இறந்தவை, இவற்றையெல்லாம் பெற்றவர்கள் தொட்டியில் கொழுகொழுவென்று நீந்தினார்கள். ஆகவே எல்லாருக்கும் எதுவுமில்லை. எங்கள் தளத்தில் நிலையத்தின் ஒவ்வொரு மீனும் இருந்தது. ஒரு மீனுக்கும் ஒரு குறையும் இல்லை. இவ்வளவு முழுமையான தளம் வேறெங்கும் கிடையாது என்று குழு மார்தட்டிக்கொண்டது. அது உண்மைதான்.

தொடக்க விழாவுக்கு இடம் தேவைப்பட்டது. வடிவமைப்பாளர் கட்டிடம் முழுவதும் சுற்றி வந்து மீன் அறையைத் தேர்ந்தெடுத்தார். நல்ல நீளம், நல்ல வெளிச்சம், ஈர வாடை ஒன்றுதான் குறை. இயக்குநர் என் மனைவியைக் கூப்பிட்டனுப்பினார்.

"விவரம் எல்லாம் பத்திரமா ஏறிடுச்சு. இதுக்கு மேல மீனை வெச்சிருந்தா, நம்ம தளத்து மேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா?"

"அந்த ஒரு தொட்டி மட்டும் சார். திருத்தம் முடியற வரைக்கும்."

"ஒண்ணுக்கு விட்டா எல்லாரும் ஒண்ணு கேப்பாங்கம்மா. தவிர, எந்தத் தனித்திறமையும் இல்லாத மீனுக்குத் தொட்டி ஒதுக்கினா ஆடிட்டுல கேள்வி வரும்."

அவருடைய விந்தணுவையாவது உறைய வைத்துக் காப்பாற்றலாம் என்று குளிர்பெட்டியில் இடம் கேட்டாள். குப்பியில் ஒட்டத் தனித்திறமைக் குறியீடு வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு எடுத்துப்போகலாமே என்றேன் நான். ஒரு பாட்டில் போதுமே, என் சட்டைப் பைக்குள் அடங்கிவிடுவார். மரபணு மாற்றிய மீன் கட்டிடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. அங்கே இருந்த விதிகளில் நியாயமான விதி அது ஒன்றுதான். அதை எழுதியவளே என் மனைவி. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பாட்டிலை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள், மீன்களை நோகாமல் முடிக்க ஐஸ் தண்ணீர் நிரப்பிய வாளிகள் வந்தன. மாப்பிள்ளையை அவள் தன் கையால்தான் எடுத்தாள். வேறு யாரும் எடுத்தால் வலையைத் தாறுமாறாக வீசுவார்கள் என்றாள்.

விழா சிறப்பாக நடந்தது. தொட்டிகள் இருந்த இடத்திலெல்லாம் பெரிய பெரிய திரைகள் வைத்து, அவற்றில் மீன்களை நீந்தவிட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் பெரிய திரையில் மாப்பிள்ளை. தளத்தின் சின்னமாக வைக்க ஆரோக்கியமான, களையான ஒரு மீன் வேண்டும் என்று வடிவமைப்பாளர் படங்களையெல்லாம் அலசி அவரைத்தான் எடுத்திருந்தார். சிறப்பு விருந்தினர் ஒரு திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கையில் ஒட்டவில்லையே என்று வியந்தார். நோயே இல்லாத இத்தனை மீன்களை ஒரே இடத்தில் காண்பது மனதுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கிறது என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கட்டியவன் நானாயிற்றே. பக்கத்தில் பார்த்தேன், என் மனைவியும் தட்டிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் உட்கார்ந்தால் கை தன்னால் தட்டிவிடுகிறது.

ஏழாம் வேலை நாள் சரிபார்ப்பு அதிகாரி திருத்தத்துக்குச் சொன்ன நேரத்தில் வந்தார். தொட்டி இருந்த இடத்தில் திரை இருந்தது. சற்று யோசித்தார். திரைக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீடியோவை மீனாகக் கொள்ளலாம் என்று குழு அந்த வாரம்தான் விதியைத் தளர்த்தியிருந்தது. 'நேரில் கண்டேன். நலமாக நீந்துகிறது. திருத்தம் தேவையில்லை' என்று எழுதினார்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தத் தூரத்து மருத்துவமனையின் அலுவலகத்திலிருந்து இயக்குநருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. இதயத் துடிப்பில் கோளாறுள்ள வரிமீன் தங்களிடம் இல்லை என்பதைத் தங்கள் தளத்தின் மூலம் ஒரே தேடலில் உறுதி செய்துகொள்ள முடிந்தது. அதனால் மேற்படி ஆய்வைக் காலவிரயமின்றி முடித்துக்கொண்டோம். தங்கள் பகிர்வு மனப்பான்மைக்கு நன்றி. அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். அந்த வருஷ மாநாட்டில் தளத்துக்கு விருது கிடைத்ததற்கு அந்தக் கடிதம் ஒரு முக்கியக் காரணம்.

குழந்தை என்ன ஆயிற்று என்று என் மனைவி எழுதிக் கேட்டாள். டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். நோயாளியின் விவரம் வெளியாருடன் பகிரப்படுவதில்லை என்று அலுவலகம் பதில் போட்டது. அதன் பிறகும் அவள் எழுதினாள். படுக்கையில் விழுந்த வருஷம்கூட ஒரு கடிதத்தை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதற்கும் அதே பதில்தான் வந்தது. வந்தபோது வாங்கிப் படிக்க அவள் இல்லை.

தளம் இன்னும் இருக்கிறது. இப்போதைய மாநாடுகளில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அதை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எப்போதாவது திறந்து பார்ப்பேன். மேலே இடமிருந்து வலமாக மாப்பிள்ளை நீந்திப் போகிறார், மறைகிறார், மறுபடி இடது பக்கத்திலிருந்து வருகிறார். சின்னம் பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர் படத்தைக் கொஞ்சம் சரிசெய்திருந்தார். வால் பக்கம் விட்டுப்போகும் அந்த நீல வரி இப்போது விட்டுப்போகாமல் முழுசாக ஓடுகிறது.